முகில் மதிலும் முழுக்காட்சியும்

கண்டி மாநகரின் எழிலை ஒரே நோக்கிற் பருக விரும்புவோர் ஆதர்ஸ் சீற் எனப்படும் குன்றினை நாடுவர். கீழே, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வெட்டுவித்த வாவி. அதன் மறுகரையில் தலதா மாளிகை. மாளிகைக்குப் பின்னே உடவத்தகலே வனம். அப்பால் பஹிரவகந்தைக் குன்றின்மேல் வெண்ணிறப் புத்தர் சிலை. கண் மெல்லத் திரும்பி இவை யாவற்றையும் ஒரே காட்சியாக்கிக் கொள்கின்றது. புகைப்படக் கருவிக்கு அவ்வாற்றல் இல்லை. அது துண்டு துண்டாகவே காண்கின்றது. அத்துண்டுகளை ஒட்டுவது எங்ஙனம்?

இவ்வாசை பழையது. எடின்பரோ நகரில் வாழ்ந்த ரொபேட் பாக்கர் என்னும் ஓவியர், நாற்புறக் காட்சியையும் வட்டச் சுவரில் வரைந்து காட்டும் முறைக்கு 1787இல் காப்புரிமை பெற்றார். பனோரமா என்னும் சொல் அம்முயற்சியிற் பிறந்ததே. ஆதர்ஸ் சீற் என்ற பெயருடைய குன்றொன்று அந்நகரிலும் உண்டென்பது சுவையான செய்தி.

அன்று தூரிகை செய்த வேலையை இன்று கணினி செய்கின்றது. ஜெர்மனியைச் சேர்ந்த பேராசிரியர் ஹெல்முட் டேர்ஷ் 1998இல் இதற்கென ஒரு கருவித்தொகுதியை வெளியிட்டார். அதனை அடியொற்றி எழுந்த ஹியூஜின் என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். திரையிற் படங்களைச் சுட்டி இழுத்து ஒட்டுவது ஒரு வழி. எழுத்தாலேயே கட்டளையிடுவது மற்றொரு வழி. இரண்டாவதையே ஈண்டு நோக்குவோம்.

கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வன. முதலாவது, படங்களின் பெயர்களைத் திரட்டி ஒரு குறிப்பேட்டைத் தொடங்கும். சிபி-பைண்ட் என்பது அடுத்தடுத்த இரு படங்களிலும் காணப்படும் பொதுப் புள்ளிகளைத் தேடும். சிபி-கிளீன் ஐயத்துக்குரிய புள்ளிகளை அகற்றும். ஓட்டோ-ஒப்டிமைசர், எஞ்சிய புள்ளிகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு ஒவ்வொரு படத்தின் திசையையும் சாய்வையும் கணிக்கும். நோனா படங்களை அக்கணக்கின்படி வளைத்துத் தரும். இறுதியில் என்பிளெண்ட் அவற்றைத் தையல் தெரியாமல் இணைக்கும்.

பொதுப் புள்ளிகளைச் சாட்சிகள் எனக் கொள்வோமாயின், இம்முறையின் பலமும் பலவீனமும் விளங்கும். மாளிகைக் கூரையின் முனை நல்ல சாட்சி. அது நின்ற இடத்தில் நிற்கின்றது. வாவியின் நீரலை நம்பத்தகாத சாட்சி. ஒரு படத்துக்கும் மறு படத்துக்குமிடையில் அது மாறிவிடும். மலைமேல் தவழும் முகிலும் அத்தன்மையதே. முகிலின்மேல் விழுந்த புள்ளிகளை நீக்குதற்கென்றே ஹியூஜினில் தனிக்கருவி ஒன்றுண்டு.

ஆயினும், வாவிக் கரையில் வேறொரு முகில் இருக்கின்றது. சிங்களத்தில் வலாகுளு பெம்ம, அஃதாவது முகில் மதில், என வழங்கும் அலைவடிவச் சுவரே அது. அதன் முக்கோண மாடங்கள் ஒன்றைப்போல் ஒன்று அமைந்தவை. ஒரு படத்தின் மூன்றாம் மாடத்தை மறு படத்தின் நான்காம் மாடமெனக் கணினி மயங்குதல் கூடும். வழக்கமான அமைப்பில், சராசரிப் பிழையைவிட நியம விலகலின் இருமடங்குக்கு மேல் விலகிய புள்ளிகளையே சிபி-கிளீன் தள்ளுகின்றது. தனியே நின்று பொய் சொல்பவனை அது பிடிக்கும். பலர் ஒருமித்துப் பொய் சொன்னாலோ, அப்பொய்யே சராசரியாகிவிடும் அன்றோ!

அதன்பின் என்பிளெண்ட் தன் பணியைச் செவ்வனே செய்யும். பேட், அடெல்சன் என்னும் இருவர் 1983இல் வகுத்த நெறியைப் பின்பற்றி, பரந்த ஒளி வேறுபாடுகளை அகன்ற பரப்பிலும் நுண்ணிய கோடுகளை ஒடுங்கிய பரப்பிலும் அது கலக்கின்றது. விளைவு, கண்ணுக்கு இனிய ஒரு படம். ஆனால் பத்து மாடங்கள் இருந்த இடத்தில் ஒன்பதே காணப்படலாம். குறைந்தது எங்கே என்பதைக் காட்டத் தையலும் இராது.

இது வெறும் அழகுப் பிரச்சினையா? 1988இல் கண்டி உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பத்தாண்டுகளின் பின், 1998 ஜனவரி 25இல், குண்டுவெடிப்பினால் தலதா மாளிகையின் முகப்புச் சிதைந்தது. சிதைந்ததை மீளக் கட்டுவோன் கையில் பழைய புகைப்படம் அலங்காரப் பொருளன்று; ஆவணம். ஆவணத்தில் ஒரு மாடம் குறையலாகாது.

எழுத்தாலிடும் கட்டளையின் அருமை இங்கேதான் புலனாகின்றது. கையால் இழுத்து ஒட்டியவர் எதனை எங்கே நகர்த்தினார் என்பதை மறுநாள் அவரே நினைவிற் கொள்ளார். கட்டளைகளோ ஏட்டில் நிற்கின்றன. ஹியூஜினின் குறிப்பேடு எளிய எழுத்தாலானது. எந்தப் புள்ளி எதனோடு பொருத்தப்பட்டது, எந்தப் படம் எத்தனை பாகை திருப்பப்பட்டது என்பன யாவும் அதிற் பதிவாகும். ஐயுறும் மாணவன் அதனைத் திறந்து பிழையான சாட்சியை நீக்கி, அதே கட்டளைகளை மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். ஆசிரியரின் விடையை மட்டுமன்றிச் செய்கை வழியையும் காண்பது போன்றது இது.

ஆதலின், கண்டியைப் படம்பிடிக்கும் இளைஞருக்குச் சொல்லத்தக்கன சில. கருவியைத் திருப்புங்கால் நின்ற இடம் பெயராதிருங்கள். பெயர்ந்தால் அண்மையிலுள்ள மரம் தொலைவிலுள்ள மலையின்மேல் இடம் மாறித் தோன்றும். ஒவ்வொரு படமும் அடுத்ததன்மேல் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு படியட்டும். மதில் வருமிடத்து மாடங்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். இணைத்த படத்தோடு மூலப் படங்களையும் குறிப்பேட்டையும் சேர்த்தே பேணுங்கள். தையலை மறைக்கும் கலை நன்று. மறைத்த தையலுக்குக் கணக்கு வைத்தல் அதனினும் நன்று.