பேசாத குழந்தை மக்கு அல்ல!

2009-ல் என் கணவருக்குக் கூடலூருக்கு மாற்றலாயிற்று. வீட்டுக்குப் பின்னால் காட்டுநாயக்கர் குடியிருப்பு. எங்களுக்கு விறகு கொண்டு வரும் அம்மாளின் மகள், என் பையனோடு இரண்டாம் வகுப்பில் படித்தாள்.

"அம்மா, அவ வாயே திறக்க மாட்டா. டீச்சர் மக்குன்னு கடைசியில உட்கார வச்சுட்டாங்க" என்பான் பையன். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் அம்மாவுடன் வந்தவள், எங்கள் சுவர்ப் பொந்தில் கொசுத்தேனீயைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், மடை திறந்தாற்போல் பேச்சு! கன்னடம் மாதிரி ஒரு பாஷை, நடுநடுவே தமிழ். மலைத்தேனீ பாறையில் கூடு கட்டுமாம்; அப்பா ராத்திரியில் போய்த் தேன் எடுப்பாராம். என் பையன் வாயைப் பிளந்து கேட்டான்.

அவள் அம்மாவோ, "இனிமே பள்ளிக்கூடம் அனுப்பலைங்கம்மா. தினம் அழுவுது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் ஒரு பாஷை, வகுப்பில் வேறு பாஷை. நம் குழந்தையைத் தெரியாத பாஷையில் பாடம் கேட்கச் சொன்னால் அது மட்டும் பேசுமா?

தயங்கித் தயங்கி டீச்சரிடம் போனேன். "மரம், மழை, தேன் இதுக்கெல்லாம் அவ பாஷையில என்ன பேருன்னு அவளையே மத்த பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்களேன், டீச்சர்" என்றேன். நல்ல மனுஷி, செய்தார். கூட்டல் கணக்குக்கும் தேன்கூட்டையே எடுத்துக்கொண்டார். ஒரே நாளில் மாயம் நடக்கவில்லை. ஆனால் அழுகை நின்றது. முன் வரிசைக்கு வந்தாள். படிப்பும் நிற்கவில்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆரம்ப வகுப்பில் மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தாய்மொழியில் கற்க வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956-லேயே அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஒடிசாவில் 2007-ல் சந்தாளி, சவுரா முதலிய பத்துப் பழங்குடி மொழிகளில் ஆரம்பப் பாடம் தொடங்கினார்கள். கூடலூர் வித்யோதயா பள்ளியில் ஆதிவாசிகளே ஆசிரியர்களாகி, தங்கள் பாட்டையும் கதையையும் வகுப்புக்குக் கொண்டு வந்தார்கள். தாய்மொழியைப் பிடித்துக்கொண்டு ஏறும் குழந்தை தமிழையும் சீக்கிரம் எட்டிப் பிடிக்கும்.

சகோதரிகளே, நம் பிள்ளை "அவ மக்கு" என்று சொன்னால், "அவ வீட்டில் என்ன பாஷை? கேட்டுட்டு வா" என்று அனுப்புங்கள். என் பையனுக்குத் தேனீயைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது அந்த 'மக்கு'தான்!