கோணேசர் மலையடியில் சிவப்பு எங்கே போகிறது?

திருகோணமலைச் சுவாமி மலையின் அடியில், போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்றூண்கள் கடலுக்குள் கிடக்கின்றன. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இங்கே சுழியோடி அவற்றைக் கண்டார்கள். 1962இல் வெளிவந்த முதல் வண்ணச் சிங்களப் படமான 'ரன் முத்து தூவ'வுக்கும் வில்சன் இந்தக் கடலடியில் படம்பிடித்தார்.

வண்ணத்தில்தான் தொல்லை. நீர் எல்லா நிறத்தையும் ஒரே அளவாக விழுங்குவதில்லை. தெளிந்த கடலிலும் ஐந்தாறு மீற்றருக்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். பிறகு செம்மஞ்சள், அடுத்து மஞ்சள். ஆழத்தில் கை கீறினால் இரத்தம் பச்சையாகத் தெரியும். மிஞ்சுவது நீலம். கடல்நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பு என்பதை 1921இல் மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி பயணம் செய்த சி. வி. இராமன் ஏற்கவில்லை, அந்தச் சந்தேகத்தில் தொடங்கிய ஒளிச்சிதறல் ஆய்வு 1930இல் நோபெல் பரிசு வரை போனது.

விளக்கைக் கொண்டுபோனால் தீருமா? பாதிதான். மூன்று மீற்றர் தள்ளியிருக்கும் தூணுக்கு வெளிச்சம் போய்த் திரும்ப ஆறு மீற்றர் நீரைக் கடக்க வேண்டும். சிவப்பு வழியிலேயே தொலையும். அதனால் அகலக் கோண வில்லையை மாட்டி, ஒரு மீற்றருக்குள் நெருங்கிவிடுகிறார்கள். தட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் ஒளிமுறிவால் பொருள்கள் கால்பங்கு கிட்டவாகத் தோன்றும். புதிதாக இறங்குபவர் கையை நீட்டிவிட்டு வெறும் நீரைப் பிடிப்பது இதனால்தான்.

கலங்கல் இன்னொரு பகை. மாரியில் மகாவலி கொட்டியாரக் குடாவில் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும். அப்போது கமராவுக்குப் பக்கத்திலேயே விளக்கை வைத்தால், மூடுபனியில் லொறி முன்விளக்கைப் போட்டது போல வெண்புள்ளிகள்தான் படத்தில் விழும். நீண்ட கைகளில் விளக்குகளை இருபுறமும் விலக்கிப் பிடிப்பதே வழி.

துறைமுகத்துக்கு வெளியே கடலடி பெரும் பள்ளத்தாக்காக ஆயிரக்கணக்கான மீற்றர் இறங்குகிறது. 200 மீற்றருக்குக் கீழே பயன்படத்தக்க சூரிய ஒளி கிடையாது; அங்கே வரைபடம் தீட்டுவது ஒலியலை. ஆழம் குறைந்த தெளிநீரில் மட்டும், விமானத்திலிருந்து பச்சை லேசரைப் பாய்ச்சி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கிறார்கள்.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் கமராவுடன் இறங்குபவர்கள் உச்சிவெயிலில், ஆழமில்லாத இடத்தில், மீனை நெருங்கி எடுங்கள். நெருங்குகிற அவசரத்தில் முருகைக்கல்லில் மட்டும் கால் வைக்காதீர்கள்.