கூடாரத்துக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று
நாயும் நிலமும் – 11

திபெத்தியப் பீடபூமியின் சராசரி உயரம் சுமார் 4,500 மீட்டர். கடற்கரையில் நம் நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் அங்கே கிடைக்கும். சமவெளி நாயை அங்கே கொண்டுபோனால், அதன் உடம்பு சிவப்பணுக்களை மளமளவென்று பெருக்கிக்கொள்ளும். ரத்தம் கெட்டிப்படும், இதயம் திணறும். அதே காற்றில் திபெத்திய மாஸ்டிஃப் விடிய விடியக் குரைத்துக் காவல் காக்கிறது. எங்கிருந்து வந்தது இந்தத் தெம்பு?

ஓநாயிடமிருந்து. மாஸ்டிஃப்பின் மூதாதை நாய்கள் பீடபூமியின் ஓநாய்களோடு கலந்திருக்கின்றன. அந்தக் கலப்பில் வந்து சேர்ந்ததுதான் இபிஏஎஸ்1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டிப்படாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வியப்பு என்னவென்றால், திபெத்திய மனிதர்களுக்குக் கைகொடுப்பதும் இதே மரபணுதான். அவர்களுக்கு அது டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்தது. மலையேறிய மனிதனும் அவன் நாயும், ஏற்கெனவே அங்கே வாழ்ந்து பழகியவர்களிடமிருந்து ஒரே மருந்தைத் தனித்தனியாகப் பெற்றிருக்கிறார்கள்.

மாஸ்டிஃப்பைத் திபெத்தியர்கள் 'தோ-கி' என்கிறார்கள். மேய்ச்சல்காரர்களின் கூடாரத்துக்கு முன்னால் பகலில் கட்டிக்கிடக்கும், இருட்டியதும் அவிழ்த்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர் தூரத்திலேயே நின்று குரல் கொடுக்க வேண்டும். யாக் மயிரில் செய்து சிவப்புச் சாயம் ஏற்றிய தடித்த பட்டையை அதன் கழுத்தில் பார்க்கலாம். பிடரியைச் சுற்றிக் குஞ்சம் குஞ்சமாக நிற்கும் அந்தப் பட்டை, இருக்கிற உருவத்தை இன்னும் பெரிதாகக் காட்டும். மேலே முரட்டு மயிர், அடியில் கம்பளிபோல் அடர்ந்த மென்மயிர். கோடை வந்ததும் அடிமயிர் கொத்துக் கொத்தாக உதிரும். பெரும்பாலான நாய்கள் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். இது ஓநாயைப்போல ஒரே முறை.

வெளிக்காவலுக்கு இது என்றால், வீட்டுக்குள்ளும் மடத்துக்குள்ளும் காவல் லாசா அப்ஸோவுக்கு. உயரம் சுமார் 25 சென்டிமீட்டர்தான். கண்ணை மறைக்கும் மயிர். ஆனால் காது படுகூர்மை. அந்நியக் காலடி கேட்டால் உடனே குரல் கொடுக்கும். மடியில் கொஞ்ச மட்டும் வளர்ந்த நாய் என்று இதை நினைத்தால், வீட்டுக்கு வரும் விருந்தாளிகள்தான் பாவம். திபெத்திய ஸ்பானியலுக்கு மடத்து மதில்தான் இடம். உச்சியில் உட்கார்ந்து ஊரை நோட்டம் விடும். திபெத்திய டெரியரின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால், அகன்று, தட்டையாக, விரல்களுக்கிடையே மயிர் மண்டியிருக்கும். பனியில் புதையாமல் நடப்பதற்கான பாதம் அது.

இந்தச் சிறு நாய்களை விலைக்கு விற்கும் வழக்கம் அன்று குறைவு. நன்றிக்கோ மரியாதைக்கோ பரிசாகத்தான் கைமாறின. 1920-களில் இந்தியாவில் மருத்துவராக இருந்த ஆக்னஸ் கிரெய்கிற்கு, சிகிச்சைக்கு நன்றியாகக் கிடைத்த குட்டியிலிருந்துதான் மேற்கில் டெரியர் வம்சம் தொடங்கியது. 13-வது தலாய் லாமா அமெரிக்கரான சைடம் கட்டிங்கிற்கு இரண்டு அப்ஸோக்களைப் பரிசளித்தார். 1935-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த இனத்தை ஏற்றுக்கொண்டது.

மாஸ்டிஃப்பின் கதை வேறு மாதிரி திரும்பியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனப் பணக்காரர்களுக்கு அது அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது. 2014-ல் ஒரு குட்டி 1.2 கோடி யுவானுக்கு விலைபோனதாகச் செய்தி வந்தது. உருவம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று வேறு இனங்களோடு கலந்தார்கள். பிறகு மோகம் வடிந்தது, விலை சரிந்தது. தீனி போட முடியாத பண்ணைக்காரர்கள் நாய்களைத் தெருவில் விட்டார்கள். இன்று பீடபூமியின் பல பகுதிகளில் அவை கூட்டமாகத் திரிகின்றன. மனிதர்களைக் கடிக்கின்றன, ஆடுகளை அடிக்கின்றன. மந்தையைக் காத்த இனத்திடமிருந்தே மந்தையைக் காக்க வேண்டிய நிலை.

இதில் நாயின் குற்றம் எதுவும் இல்லை. மந்தையும் கூடாரமும் மேய்ச்சல் வாழ்க்கையும் சேர்ந்து உருவாக்கிய விலங்கு அது. அந்த வாழ்க்கையைக் கைவிட்டுவிட்டு, பிடரி மயிரின் அடர்த்தியை மட்டும் போற்றி ஓர் இனத்தைக் காப்பாற்ற முடியாது. திபெத்திய மாஸ்டிஃப் பிழைக்க வேண்டுமென்றால், மேய்ச்சல்காரர் பிழைக்க வேண்டும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: திபெத்திலிருந்து சீன அரண்மனைக்குப் போன ஷீ ட்ஸு