காலாவதியான பிலிமில் படம் விழுமா?

குழந்தைகளே, 1897 ஜூலை 11 அன்று சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஆந்த்ரே, ஸ்ட்ரிண்ட்பெர்க், ஃப்ரேங்கல் என்ற மூவர் ஹைட்ரஜன் பலூனில் ஏறி வட துருவத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். மூன்றே நாளில் பலூன் உறைந்த கடல்மேல் இறங்கிவிட்டது. பல வாரங்கள் பனியில் அலைந்து ஒரு தீவை அடைந்தவர்கள், அங்கேயே இறந்துபோனார்கள்.

க்விட்டோயா என்னும் அந்தத் தீவில் அவர்களுடைய முகாம் 1930-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்ட்ரிண்ட்பெர்க் எடுத்த கறுப்பு வெள்ளை பிலிம் சுருள்களும் அங்கே கிடைத்தன. ஒவ்வொரு படமும் 13 செ.மீ.க்கு 18 செ.மீ. அளவு. ஈரத்தில் ஊறிப்போன அந்தச் சுருள்களை ஸ்டாக்ஹோமில் யோன் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் மிகுந்த பொறுமையோடு கழுவினார் (அதாவது, கரைசல்களில் முக்கிப் படத்தை வெளிக்கொண்டுவந்தார்). 93 படங்கள் தேறின! பனியில் சரிந்து கிடக்கும் பலூனை அவற்றில் இன்றும் பார்க்கலாம்.

33 வருடம் கழித்து எப்படிப் படம் வந்தது?

பிலிமின்மேல் மெல்லிய ஜெலட்டின் பூச்சு இருக்கும். அதற்குள் சில்வர் புரோமைடு படிகங்கள் கோடிக்கணக்கில் பதிந்திருக்கும். ஒரு படிகத்தின்மேல் ஒளி பட்டதும், அதிலுள்ள வெள்ளி அயனிகளில் சில, வெள்ளி அணுக்களாக மாறிவிடும். நான்கைந்து அணுக்கள் சேர்ந்தாலே போதும், அந்தப் படிகத்துக்கு அடையாளம் விழுந்துவிட்டது. நம் கண்ணுக்கு மட்டும் அது தெரியாது. இதுதான் மறைபிம்பம்.

டெவலப்பர் கரைசலில் பிலிமை முக்கினால், அடையாளம் விழுந்த படிகங்கள் முழுதும் வெள்ளியாக மாறிக் கறுப்பாகத் தெரியும். அடையாளம் விழாதவற்றை ஹைப்போ கரைசல் கரைத்து நீக்கிவிடும். ஒளி பட்ட இடம் கறுப்பாகத் தெரியும் நெகட்டிவ் தயார்!

பிறகு ஏன் பிலிம் பெட்டியில் காலாவதித் தேதி அச்சிடுகிறார்கள்? வெப்பமும், விண்வெளியிலிருந்து வரும் கதிர்களும், ஒளியே படாத படிகங்களிலும் மெல்ல மெல்ல அடையாளம் போட்டுவிடும். கழுவும்போது அவையும் கறுக்கும். படம் முழுக்கப் புகை படிந்த மாதிரி மங்கும். பிலிமின் ஒளியுணரும் வேகமும் குறைந்துபோகும்.

ஃபிரிட்ஜில் வைத்த பால் சீக்கிரம் கெடாது அல்லவா? குளிரில் வேதிவினைகள் மெதுவாக நடக்கும். துருவப் பனி அந்தச் சுருள்களைக் காப்பாற்றியதும் அப்படித்தான்.

இன்றும் சில புகைப்படக் கலைஞர்கள் காலாவதியான பிலிமைத் தேடி வாங்குகிறார்கள். பெரிய கேமராவில் போடும் 4×5 அங்குலத் தாள் பிலிம் இதற்கு மிகவும் ஏற்றது. சுருள் பிலிமில் எல்லாப் படங்களையும் ஒன்றாகத்தான் கழுவ வேண்டும். தாள் பிலிமில் முதலில் ஒன்றை மட்டும் எடுத்துக் கழுவிப் பார்க்கலாம். படம் மங்கலாக வந்தால், அடுத்த தாளுக்குக் கூடுதல் ஒளி கொடுக்கலாம். டெவலப்பரில் சிறிது பொட்டாசியம் புரோமைடு சேர்த்தால் அந்தப் புகைமூட்டமும் குறையும்.

வெளிச்சம் படக்கூடாது என்பதால் தாள் பிலிமை இருட்டில்தான் கையாள வேண்டும். கும்மிருட்டில் தாளின் எந்தப் பக்கம் பூச்சு என்று எப்படித் தெரியும்? தாளின் ஒரு மூலையில் சிறு வெட்டுகள் இருக்கும். தாளை நெட்டுவாக்கில் பிடித்து, அந்த வெட்டுகள் வலது மேல் மூலையில் வரும்படி வைத்தால், பூச்சு உங்களைப் பார்த்திருக்கும். விரல்களே கண்ணாகிவிடும்!

உங்கள் வீட்டுப் பரணிலும் இன்னும் கழுவாத பழைய பிலிம் இருக்கலாம். ஆர்வத்தில் உடனே பிரித்துவிடாதீர்கள். ஒரு நொடி வெளிச்சம் பட்டாலும் உள்ளே இருக்கும் மறைபிம்பம் அழிந்துவிடும். அப்படியே மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பெரியவர்களை அழைத்துக்கொண்டு, பிலிம் கழுவத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் தாத்தா பாட்டியின் இளவயது முகம்கூட அதில் இருக்கலாம்!