மலை ஏறுமுன் சற்றுப் பொறுங்கள்

கண்டிப் பக்கம் நீர்நிலையொன்றில் தேடுதலுக்காகச் சுழியோடிகள் இறங்கினால், கரையில் நிற்கிறவர்கள் முதுகுச் சிலிண்டரைக் காட்டி "ஒட்சிசன்" என்பார்கள். உள்ளே இருப்பது வடிகட்டி, அமுக்கி அடைத்த சாதாரணக் காற்று. ஐந்தில் ஒரு பங்குதான் ஒட்சிசன். மிச்சமெல்லாம் பெரும்பாலும் நைதரசன். தனி ஒட்சிசனைச் சுவாசித்தபடி ஆறேழு மீற்றருக்குக் கீழே போனால் வலிப்பே வந்துவிடலாம்.

சுறாப் பயம் இன்னொன்று. நிலாவெளிப் புறாத்தீவைச் சுற்றித் திரியும் கருமுனைச் சுறாக்கள் ஆளைக் கண்டால் தாமே விலகிப் போகிறவை. பயப்பட வேண்டியது நைதரசனுக்குத்தான்.

18 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அங்கே நைதரசன் குருதியிலும் கொழுப்பிலும் கரைந்து சேரும். மெல்ல மேலே வந்தால் மூச்சோடு கழியும். அவசரப்பட்டால் உடலுக்குள்ளேயே குமிழியாகும். மூட்டுவலி, மரத்துப்போதல், சில வேளை கைகால் வழங்காமற் போதல். மட்டக்களப்புக் கடலில் 50 மீற்றரளவில் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் வரும் நோயல்ல இது.

கரையேறிய பிறகும் எஞ்சிய நைதரசன் வெளியேற மணிக்கணக்கில் எடுக்கும். அதனால் ஒருமுறை சுழியோடியவர் 12 மணி நேரமாவது, பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது என்பார்கள். விமானம் என்றதும் நம்மவர்கள் கட்டுநாயக்காவை மட்டுமே நினைக்கிறார்கள். உடலுக்கு விமானமும் தெரியாது, வேனும் தெரியாது. சுற்றியுள்ள காற்றழுத்தம் குறைவது மட்டுமே தெரியும். அந்த விதி 600 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்துக்கானது. கண்டி நகரம் சுமார் 500 மீற்றரில், எல்லைக்குச் சற்றுக் கீழே தப்பிக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில்தான் கண்டிப் பெரஹெராவும் வருகிறது. காலையில் நிலாவெளியில் சுழியோடி, மாலை பெரஹெரா பார்த்து, இரவோடிரவாக றம்பொடை வளைவுகளில் நுவரெலியாவுக்கு ஏறுவது கேட்க நல்ல பயணத்திட்டம்தான். உண்மையில் அது மோசமான திட்டம்.

மலைநாட்டு நீரில் இறங்குகிறவருக்கும் உயரக் கணக்கு உண்டு. 300 மீற்றருக்கு மேல் கடல்மட்டத்துக்கென வகுத்த சுழியோடல் அட்டவணை செல்லாது. கண்டி வாவியும் விக்டோரியா நீர்த்தேக்கமும் அந்த உயரத்தைத் தாண்டியவை. அங்கே ஆழத்தை உள்ளதைவிடக் கூடுதலாகவே கணக்கில் எடுக்கவேண்டும்.

சுற்றுலாக்காரருக்கோ வழி எளிது. முதலில் நுவரெலியா, பிறகு கண்டி, கடைசியில் நிலாவெளி.