புல்வெளி வானம்பாடியும் கமக்காரரும்

விதைத்த நிலத்தில் இறங்கும் பறவையைத் துரத்துவதா, விட்டுவைப்பதா என்பது கமக்காரர் யாவருக்கும் உள்ள வினாவாகும். ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இவ்வினா ஒரு பாட்டுப்பறவையைப் பற்றி எழுந்தது. மேற்குப் புல்வெளி வானம்பாடி எனப்படும் அப்பறவையை ஒரெகன், வயோமிங், மொன்டானா, நெபிராஸ்கா, கன்சாஸ், வட டக்கோட்டா ஆகிய ஆறு மாநிலங்கள் தத்தம் சின்னமாகக் கொண்டுள்ளன. கன்சாஸில் 1925ஆம் ஆண்டு பள்ளிப் பிள்ளைகளே வாக்களித்து அதனைத் தெரிந்தெடுத்தனர். சட்டசபை 1937இல் அதனை உறுதிசெய்தது.

பெயரில் வானம்பாடி எனினும் அது அவ்வினத்ததன்று. பருமன் ஏறக்குறைய நம் மைனாவினது. முதுகு காய்ந்த புல்லின் நிறம், மார்பு மஞ்சள், அதன்மேல் மாலை தொங்கினாற்போல் ஒரு கரும்பட்டை. ஆண் வேலிக்கட்டையில் அமர்ந்து புல்லாங்குழலோசை போலப் பாடும். கிழக்குப் பகுதியிலுள்ள அதன் இனப்பறவையுடன் உருவில் மிக ஒத்திருந்தமையால் நெடுங்காலம் பெரும்பாலோர் அதனை வேறு பிரித்தறியவில்லை. ஆகவே 1844இல் அதற்குப் பெயரிட்ட ஓடுபோன் ‘கவனியாது விடப்பட்டது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லையே இட்டார். பாட்டைக் கேட்டால் இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம்.

அதன் அலகே அதன் கலப்பை. மூடிய அலகை மண்ணினுள் செலுத்தி, உள்ளே விரித்துத் துளையை அகலமாக்கும்; பிற பறவைகளுக்கு எட்டாத புழுக்கள் அதற்கு எட்டும். முளைக்கும் தானியத்தின் அருகே இவ்வாறே துளைத்து மணியை எடுத்துண்பதும் உண்டு. இதனைக் கண்ட கலிபோர்ணியாக் கமக்காரர் அதன்மீது குற்றஞ் சாட்டினர். கண்ட குற்றம் பொய்யன்று. ஆனால் முளை பிடுங்கப்பட்டது கண்ணுக்குத் தெரியும். உண்ணப்பட்ட புழு தெரியாது.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரோல்ட் பிறயன்ற் ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் பறவைகளைச் சேகரித்து, ஏறக்குறைய 2,000 இரைப்பைகளைப் பிளந்து ஆராய்ந்தார். அவர் முடிவுகள் 1914இல் வெளியாயின. உணவிற் பாதிக்கு மேற்பட்டது பூச்சிகளே: வெட்டுப்புழு, வெட்டுக்கிளி, வண்டு முதலியன. குளிர்காலத்தில் தானியமும், இலையுதிர்காலத்தில் களைவிதையும் மிகுந்திருந்தன. குஞ்சுகளுக்கு ஊட்டப்படுவது பெரும்பாலும் பூச்சியே. ஒரு மாதத்துக் கணக்கை வைத்துப் பறவையைத் தீர்ப்பிடலாகாது என்பது அவ்வாராய்ச்சியால் தெளிவாயிற்று.

இன்று அதற்குள்ள இடர் வேறு. புல்லின் அடியில், தரையிலேயே கூடு கட்டி, மேலே புல்லால் கூரையும் வேய்ந்துகொள்ளும். பெண்ணே கட்டும், பெண்ணே அடைகாக்கும். அடைகாக்கும்போது மனிதர் நெருங்கினால் பல வேளை கூட்டையே கைவிட்டுவிடும். முட்டை பொரிக்க இரு கிழமை. குஞ்சுகள் பறக்கத் தெரியாமலே பத்துப் பன்னிரண்டு நாளிற் கூட்டை விட்டிறங்கும். கால்நடைத் தீவனத்துக்குப் புல் அறுக்கும் காலமும் இதுவே. பொறியை முன்கூட்டி ஓட்டினால் கூடும் குஞ்சும் ஒருங்கே அழியும். சில கிழமை பிந்தி அறுத்தால் அவ்வாண்டுக் குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும்.