தைராய்டு எங்கிருந்து வந்தது?

தூத்துக்குடித் துறைமுகச் சுவர்களிலும் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி ஓடுகளிலும் ஒட்டி வாழும் அசிடியன்கள், தொட்டால் நீரைப் பீய்ச்சும் தோல்பைகள். அவற்றுள் ஹெர்ட்மேனியா, 1902இல் இலங்கைப் பக்க முத்துப் படுகைகளை ஆராய வந்த ஹெர்ட்மனின் பெயரைத் தாங்குகிறது.

அதன் தொண்டையின் அடித்தளத்தில் எண்டோஸ்டைல் என்னும் பள்ளம் ஓடுகிறது. அது சுரக்கும் சளி, நீரோடு வரும் நுண்ணுயிர்களைச் சிக்கவைத்து உணவாக்குகிறது. பள்ளத்தின் சில செல்களோ கடல்நீரின் அயோடினைப் புரதத்தோடு பிணைக்கின்றன. மனிதத் தைராய்டின் வேலையும் இதுதான்.

அசிடியன் நம் மூதாதை அல்ல. இரு வழிகளுக்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்தது. எண்டோஸ்டைலிலிருந்தே தைராய்டு வந்தது என்பதற்கு அருமையான சான்று லாம்ப்ரே மீன். அதன் இளவுயிரிக்கு எண்டோஸ்டைல் உண்டு. உருமாறும்போது அந்த உறுப்பே தைராய்டாகிறது. மனிதக் கருவிலும் தைராய்டு நாக்கின் அடியில், தொண்டைத் தளத்தில் தோன்றிய பிறகே கழுத்துக்கு இறங்குகிறது.